மாட்டுத்தலைக் காசு

சொந்தமாக வாடகை கட்டுகிற வயதுக்கு நாமும் வந்துவிட்டோம். இனிமேல் சின்ன வயதுக் கதையை எடுத்தால் ஒருவரும் தடுக்கமாட்டார்கள். சிட்னியின் லிட்கம், ஓபர்ன், ஹோம்புஷ் பக்கத்து ரெண்டு அறை யூனிட்டுகளில், கீழ்மாடிக் கொரியன் குடும்பம் வாட்டுகிற இறைச்சியின் மணத்தை மோந்துகொண்டு வீட்டுப்பாடம் செய்த என் கூட்டாளிகளே, இது உங்களுக்குத்தான். உங்கள் அப்பாமாரும் ஏதாவது சேர்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அங்கிள் பாடாத ரேடியோக்களைச் சேர்த்து அன்ரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் கோயில் கலண்டர் ஒன்றைக்கூட எறியமாட்டார். என் அப்பா சேர்த்தது ஐரோப்பாவின் பழைய வெள்ளிக்காசு. ஐந்நூறு, அறுநூறு வருசத்துக்கு முந்தியது. அதிலும் பெரிய காசு அவருக்குப் பிடிக்காது. சின்னவிரல் நகத்தளவு இருக்கவேண்டும், ஊதினால் பறக்கவேண்டும்.

அவற்றைத் தபாலில்தான் எடுப்பிப்பார். ஜேர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் உள்ளே குமிழிப் பிளாஸ்ரிக் வைத்த சின்னக் கடித உறைகள் வரும். வந்த அன்று அவர் வேலையால் வந்து முகம் கழுவி, கை கழுவி, கையைத் துவாயில் நன்றாக ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குசினி மேசைக்கு வருவார். ஒரு கடும்நீலத் துவாயை மேசையில் விரிப்பார். பட்டர் கத்தியால் உறையைக் கீறி, முதலில் மூக்கருகே கொண்டுபோய் மணப்பார். எனக்கும் மணக்கத் தருவார். மழையில் கிடந்த பூட்டின் மணம் அது. அம்மா சோற்றுப் பானையைக் கிண்டிக்கொண்டு, ‘ஆர் ஆரின்ர வாய்க்குள்ள வைச்ச காசோ, அதை மணக்கிறார்’ என்பா. அப்பாவின் காதில் அதெல்லாம் விழாது.

அப்பா இங்கே வருமுன் ஆறு வருசம் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர். முதல் எட்டு மாதம் ஒரு கூட்டாளியின் அறையில், நிலத்தில் படுத்திருக்கிறார். ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லாமல் பழைய சாமான் சந்தையைச் சுற்றுவாராம். அங்கே பொத்தான் விற்கிற ஒருத்தி ஒரு போத்தலுக்குள் கறுத்த தகடுகள் கொஞ்சம் வைத்திருந்தாள். அதுவும் பொத்தான் என்றுதான் இவர் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் விரித்த கை ஒன்று. அந்த ஊரில் தனக்கு முதன்முதல் கை காட்டியது அந்தக் காசுதான் என்று அப்பா சொல்லுவார். ஒரு கோப்பி குடிக்கிற காசுக்கு அதை வாங்கியிருக்கிறார். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

நான் பார்த்த காலத்தில் அவரிடம் பன்னிரண்டு காசுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். அந்த முதல் காசு கைக்காசு. ஹங்கேரியில் அடித்த ஒன்றில் பிள்ளையைத் தூக்கிய மாதா இருந்தா, அது மாதாக்காசு. அம்மாவுக்கு அதில் மட்டும் ஒரு கண். இங்கிலாந்துக் காசிலே முடியை இரண்டு பக்கமும் சுருட்டிவிட்ட ராசா, அவருக்குச் சுருட்டை. எனக்கு உயிராக இருந்தது மாட்டுத்தலைக் காசு. வடக்கு ஜேர்மனிக் காசு அது. ஒரே பக்கம்தான் அடித்திருக்கும், மறுபக்கம் குழி. கிரீடம் வைத்த மாட்டின் தலை ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். வெள்ளித் தகடு அவ்வளவு மெல்லிசு. அப்பா அதை எடுக்கும்போது நாங்கள் மூச்சுவிடாமல் இருப்போம்.

ஒவ்வொரு காசும் சின்னப் பிளாஸ்ரிக் உறையில், உறைகள் எல்லாம் ஒரு அல்பத்தில் இருக்கும். உறையின் ஒரு பைக்குள் காசு, மறு பைக்குள் வெள்ளை அட்டை. அட்டையின் முன்பக்கத்தில் கறுப்புப் பேனையால் ஊர், நிறை, வாங்கிய திகதி எல்லாம் எழுதுவார். நிறை பார்க்கத் தீப்பெட்டியளவு டிஜிற்றல் தராசு ஒன்று வைத்திருந்தார். கைக்காசு, பூச்சியம் தசம் ஐந்து ஒன்று கிராம் என்று சத்தமாக வாசிக்கும் உரிமை எனக்கு. தொடும் உரிமைதான் இல்லை. ‘தொடாதேங்கோ பிள்ளை’ என்பார். ஏன் தொடக்கூடாது, தொட்டால் என்ன பிழை வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது, விழுத்திப்போடுவேன் என்று பயப்படுகிறார் என்று. கறுப்பாக இருக்கிறதே, அது அழுக்கு என்றும் நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுக் குளிரில் மாமா வந்தார். அம்மாவின் சித்தி மகன். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, முகாமில் மாதக்கணக்காக இருந்தவரை, பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவோடு வெளியே விட்டிருந்தார்கள். ஒரு தோள்பையும், யாரோ கொடுத்த, தனக்கு இரண்டு அளவு பெரிய ஜக்கெற்றும்தான் அவரது சாமான். ஹோலில் செற்றிக்கும் ரீவிக்கும் நடுவில் மெத்தை போட்டோம். இமிகிரேசன் கடிதம் எல்லாம் எங்கள் விலாசத்துக்கு வந்தது. விலாசம் மாறினால் உடனே அறிவிக்கவேண்டும், அறிவித்தால் பைலைத் திரும்பக் கிளறுவார்களோ என்று அவருக்கு ஓயாத பயம். ஏதும் கம்பிளெயின்ற் வந்தால் விசா போய்விடும் என்று பெரியவர்கள் குசுகுசுப்பார்கள். அதனால் மாமா எங்கள் வீட்டில் இருப்பதுபோல இல்லாமல் இருந்தார். குளித்தால் குளியலறையைத் துடைத்து வைப்பார். தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையோடு சிங்கில் கிடக்கிற எல்லாக் கோப்பையையும் கழுவி வைப்பார். சிங்கில் ஒரு பருக்கைகூடக் கிடக்கவிடமாட்டார்.

ஒரு விசயத்தில் மட்டும் அவரால் அடங்கியிருக்க முடியவில்லை. அது அவருடைய குரல். ஊரில் வெள்ளி நகை செய்கிற பட்டறையில் பதினைந்து வருசம் வேலை செய்தவர். நாலு சுத்தியல் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை. அவர் ஃபோனில் கதைத்தால் கீழ்வீட்டுக்கும் கேட்கும். இங்கே கோழித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரவில் போய், காலையில் வந்து, விறைத்த விரல்களைத் தேத்தண்ணிக் கோப்பையில் சூடுகாட்டிவிட்டுப் படுத்துவிடுவார்.

அப்பா அவருக்குக் காசுகளைக் காட்டிய பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா மாட்டுத்தலையை நகநுனியில் ஏந்தி, விளக்கடிக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குப்பையிலிருந்து தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித்தாளை எடுத்து, காசுக்கு மேலே போர்த்தி, என் பென்சில் அழிறப்பரால் மெல்ல மெல்ல அமத்தினார். அப்பா பக்கத்தில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாளை உரித்தபோது இன்னொரு மாட்டுத்தலை வந்தது, நாக்கு, கிரீடம் எல்லாவற்றோடும்.

‘அத்தான், வெள்ளித் தகடு மட்டும் தாங்கோ. இப்பிடி ஒண்டு அடிக்க எனக்கு ஒரு பகல் காணும். ஆரும் கண்டுபிடிக்கேலாது’ என்றார் மாமா.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தாள்மாட்டைக் காந்தத்தால் பிரிஜ் கதவில் ஒட்டி வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் மாமா எனக்கு ஒரு தாள்காசு செய்து தருவார். பிரிஜ் கதவு முழுக்க ராசாவும் கையும் சிலுவையுமாக இருந்தது.

அப்பாவுக்கும் ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் எங்கள் மூன்று பேரின் பெயர்தான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஏஜென்ற் பெண் வீடு பார்க்க வருவாள். அன்று மாமாவின் மெத்தையைச் சுருட்டிக் கார் டிக்கிக்குள் திணிப்போம். பற்பிரசை ஒளிப்போம். மாமா லிட்கம் ஸ்ரேசன் மரவாங்கில் போய்க் குந்தியிருப்பார். அவள் போனதும் நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். செப்ரெம்பரில் அவள் வந்தபோது, நாலாவது துவாய் ஒன்று தொங்குவதைக் கண்டு, யாரும் விருந்தாளி நிற்கிறார்களா என்று கேட்டாள். அப்பா இல்லை என்றார். அன்றிரவு அம்மாவிடம், ‘எவ்வளவு நாளைக்கு இப்பிடி’ என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

ஒக்ரோபரில் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கொலு கிலு ஒன்றும் கிடையாது. புத்தக அலுமாரியின் மேல்தட்டில் சரஸ்வதி படம், கும்பம், அவல், கடலை. கடைசி நாட்களில் புத்தகங்களை அடுக்கி வெள்ளைத் துணியால் மூடிவிட்டால், விஜயதசமி வரைக்கும் படிக்கத் தேவையில்லை. சிட்னிப் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பது வேறு விசயம். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. பின்னேர வேலைக்குப் போக முன், சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே எனக்குக் கட்டளை போட்டா. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்கவேண்டும். வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருநீறு போட்டுத் தேய்க்கவேண்டும். பூசையில் வைக்கிற எதுவும் ஊத்தையாக இருக்கக்கூடாது. வீட்டில் ஆர் ஆர் எதைப் படிக்கினமோ அதையெல்லாம் எடுத்து வைக்கவேண்டும், அப்பாவினதையும் சேர்த்து.

அம்மா நினைத்தது அப்பாவின் பழைய ஜேர்மன் அகராதியை. நான் நினைத்தது காசு அல்பத்தை. அப்பா வேறு எதைப் படித்தார், சொல்லுங்கள் பார்ப்போம். பூசையில் வைக்கிறது ஊத்தையாக இருக்கக்கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டா. வெள்ளி என்றால் திருநீறு, கறுப்பு என்றால் புளி. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லுவது?

அப்பா வேலையில். மாமா ஹோலில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. நான் குசினியில் புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, பன்னிரண்டு காசையும் உறையிலிருந்து எடுத்து அதற்குள் போட்டேன். தண்ணீர் கறுக்கக் கறுக்க எனக்கு ஒரே சந்தோசம். ஒவ்வொன்றாக எடுத்துத் திருநீறு தொட்டுப் பெருவிரலால் தேய்த்தேன். ராசா வெளுத்து வந்தார். மாதா வந்தா. கைக்காசில் விரல்களுக்கு நடுவில் இருந்த கறுப்பும் போய், கை எது, காசு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மினுக்கமாயிற்று. அப்பா விஜயதசமிக் காலையில் துணியைத் திறப்பார், திகைத்துப்போவார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று மனதுக்குள் படம் ஓடியது.

கடைசியாக மாட்டுத்தலையை வைத்திருந்தேன், பிடித்ததைக் கடைசியில் தின்கிற பழக்கம். குழிப்பக்கம் பெருவிரலை வைத்து ஒரு தேய். அப்பளம்போல உடைந்தது. சத்தமே இல்லை. ஒரு துண்டில் ஒரு கொம்பும் கண்ணும், மற்றத் துண்டில் மூக்கும் நாக்கும் மற்றக் கொம்பும்.

துண்டுகளை ரிசுப் பேப்பரில் சுற்றி, கணக்குப் பெட்டிக்குள் கொம்பாசுக்கு அடியில் ஒளித்தேன். பதினொரு காசையும் துடைத்து உறைகளில் போட்டு, அல்பத்தைக் கொண்டுபோய்ப் புத்தகங்களுக்கு நடுவில் செருகி, துணியால் மூடிவிட்டு, அறைக்குள் போய்க் கட்டிலில் குப்புறக் கிடந்தேன். சிங்கில் பிழிந்த புளிக்கோதும் கறுப்புத் தண்ணீரும் கிடந்தது அரைமணித்தியாலம் கழித்துத்தான் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சிங் பளபளவென்று இருந்தது. மாமா செற்றியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாமா கோப்பை கழுவினால் சிங்கையும் சேர்த்துக் கழுவுவார்தானே, புளியை அவர் கவனித்திருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஜயதசமிக் காலை. தேவாரம் முடிந்தது, துணியை எடுத்தார்கள். அப்பா தன் அல்பத்தைக் கண்டு முதலில் சிரித்தார். ‘என்ர பிள்ளை வைச்சதோ’ என்று என் தலையைத் தடவினார். அதன் பிறகுதான் திறந்தார். நான் இன்றைக்கும் சரஸ்வதி பூசை என்றால் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மாட்டுத்தலையின் வெறும் உறை. திரும்ப முதல் பக்கம்.

‘இது என்ர காசு இல்லை’ என்றார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பா மாதாக்காசை எடுத்து அவவின் முகத்துக்கு நேரே பிடித்தார். இது நேற்று அடித்த காசு, அறுநூறு வருசத்துக் கறுப்பு எங்கே, இன்ரர்நெற்றில் இப்படித்தான் பொய்க்காசு விற்கிறார்கள், மாற்றிப்போட்டு மற்றதைக் கொண்டுபோய் விற்றாச்சு என்று படபடத்தார். அல்பத்தை ஆர் தொட்டது என்று கேட்டார். அம்மா தான் தொடவில்லை என்றா. என்னை ஒருவரும் கேட்கவில்லை. வைத்தது நான், எடுத்தது வேறு யாரோ என்று அவர் மனதில் அப்போதே முடிவாகிவிட்டது. அவருடைய கண் பிரிஜ் கதவுக்குப் போனது. அங்கே காந்தத்துக்குக் கீழே நாக்கை நீட்டிக்கொண்டு தாள்மாடு.

மாமா அப்போதுதான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

‘நீர்தானே சொன்னீர்’ என்றார் அப்பா. ‘ஒரு பகல் காணும், ஆரும் கண்டுபிடிக்கேலாது எண்டு.’

மாமா ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். அல்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் சும்மா, சாப்பிட்டியா என்று கேட்கப்போகிறவர்போலத்தான் பார்த்தார்.

‘நான் எடுக்கேல்லை அத்தான்’ என்றார், அவருடைய குரலிலேயே இல்லாத ஒரு சின்னக் குரலில்.

அதற்கு மேல் சண்டை இல்லை. சண்டை வந்திருந்தால் நல்லது. அப்பா, பொலிசுக்கு ஒன்றும் போகமாட்டேன், பயப்படவேண்டாம் என்றார். அப்படிச் சொன்னதுதான் மாமாவுக்குக் கூடப் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. வேறு இடம் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னார். அம்மா அழுதா. அப்பாவோடு கதைக்காமல் மூன்று நாள் ஃபோனோடு இருந்து, மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேலில் மாமாவோடு முகாமில் இருந்த ஒருவரின் அறையில் ஒரு மெத்தை இடம் பிடித்தா. நான் அந்த மூன்று நாளும் காய்ச்சல் என்று கட்டிலில் கிடந்தேன். காய்ச்சல் இல்லை. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று மூடிக்கொண்டு கிடந்தேன். இமிகிரேசனுக்கு விலாச மாற்றக் கடிதம் எழுதுவதற்கு என்னிடம்தான் பேனை கேட்டார் மாமா. கணக்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கொம்பாசுக்கு அடியில் மாடு கிடந்தது.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். காலையில் மாமா என் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக் கதிரையில் போட்டிருந்தார். மெத்தை சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது. பஸ் பத்து மணிக்கு.

‘போட்டு வாறன் மருமகள்’ என்றார். ‘நல்லாப் படிக்கவேணும், என்ன?’

நான் தலையை ஆட்டினேன். பதினொரு வயதில் எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. தலையைத்தான் ஆட்டினேன். அன்று தமிழ்ப் பள்ளியில் டிக்டேசனில் இருபதுக்கு நாலு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நீலத்துவாய் விரிக்கப்படவில்லை. தபாலில் உறைகள் வருவதும் நின்றது. பிரிஜ் கதவை அம்மா ஒருநாள் துடைத்துச் சுத்தமாக்கினா. மாமாவுக்கு விசா கிடைக்க வருசக்கணக்காயிற்று. அதற்குள் ஸ்பிரிங்வேலில் நாலு இடம் மாறினார். பிறகு ஒரு நகைக்கடையின் பின்னறையில் திருத்தவேலை கிடைத்தது, கலியாணம் கட்டினார், பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். அம்மா மாதத்துக்கு ஒருதரம் அவரோடு ஃபோனில் கதைப்பா. அந்த நேரம் பார்த்து அப்பா பல்கனிக்குப் போய்விடுவார். நானும் கதைப்பேன். காலநிலை, பிள்ளைகளின் படிப்பு, தக்காளி விலை. சொல்லவேண்டியதை ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்கு வைத்தேன். வெட்கக்கேடு, வேறென்ன.

போன வருசம் அப்பா அல்பத்தை என்னிடம் தந்தார். அவருக்குக் கை நடுக்கம். பழைய பிளாஸ்ரிக் உறைகள் பச்சையாகக் கசியத் தொடங்கிவிட்டன, அது வெள்ளியைத் தின்னும், புது உறைக்கு மாற்றவேண்டும் என்றார். நான் அவர்கள் வீட்டுக் குசினி மேசையிலேயே இருந்து மாற்றத் தொடங்கினேன். முதலில் கைக்காசு. காசை எடுத்து வைத்துவிட்டு அட்டையை உருவினேன். அத்தனை வருசமும் அந்த அட்டைகளின் பின்பக்கத்தை நான் பார்த்ததில்லை. பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது.

பூச்சியம் தசம் நாலு ஒன்பது. புளி.

கீழே திகதி. மாதாக்காசின் அட்டையை உருவினேன். அதிலும் பழைய நிறையிலிருந்து ஒரு துளி குறைந்த நிறை, புளி, அதே திகதி. பதினொரு அட்டையிலும் அதே திகதி. என் ஃபோனில் பழைய கலண்டரைத் தேடிப் பார்த்தேன். அது ஒரு வியாழக்கிழமை. மாமா பஸ் ஏறிய சனிக்கு முந்தின வியாழன்.

பொய்க்காசு என்றால் நிறை எங்கேயோ போயிருக்கும். ஊத்தை மட்டும் போன அதே காசுக்குத்தான் ஒரு துளி குறையும். அப்பா அதைத் தராசில் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார், மணந்து பார்த்துப் புளி என்றும் அறிந்திருக்கிறார். வீட்டில் அந்தக் கிழமை புளி தொட்டது யார் என்று அவருக்குத் தெரியாதா? மாட்டுத்தலையின் வெறும் உறையிலிருந்து கடைசி அட்டையை உருவினேன். அதில் நிறை இல்லை. ஒரே ஒரு சொல்.

உடைஞ்சிருக்கும்.

நான் கதிரையிலேயே இருந்தேன். இவ்வளவு காலமும் அந்த வீட்டில் வாய்மூடியது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முழுக்க மாமா ஹோலில் இருந்து பை அடுக்கினார். சனிக்கிழமை அப்பாதான் காரில் கொண்டுபோய்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மானம் விடவில்லையா, என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா, இல்லை ஏஜென்ற் பெண் கண்ட அந்த நாலாவது துவாயா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன். ஒருகாலத்தில் வேறொருவரின் அறையில் நிலத்தில் எட்டு மாதம் படுத்தவர் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு அப்பாவில் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்றும் உடனேயே வந்தது.

கைப்பையிலிருந்து ரிசுச் சுருளை எடுத்தேன். நான் போன இடமெல்லாம் அதுவும் வந்திருந்தது. ஹோலில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் சின்ன மேசையில் இரண்டு துண்டையும் வைத்து, பக்கத்தில் அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். கொம்பும் கண்ணும். மூக்கும் நாக்கும். துண்டுகள் கறுத்திருந்தன. பழையபடி ஆகிவிட்டிருந்தன.

அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு நடுங்குகிற விரலால் ஒன்றை மற்றதோடு சேர்த்துப் பொருத்தினார்.

‘நீங்கள் சின்னப்பிள்ளை’ என்றார். ‘நான்தான் சொல்லியிருக்கவேணும்.’

‘மாமாவுக்கு ஃபோன் எடுங்கோ அப்பா.’

‘அவரின்ர நம்பர் என்னட்டை இல்லை.’

நான் என் ஃபோனில் நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன். ஃபோன் போய்க்கொண்டிருந்தது. மாமா எடுத்தார். அந்தத் தொண்டை மாறவே இல்லை, ஸ்பீக்கர் போடாமலே எனக்கும் கேட்டது. என் நம்பர் என்பதால் மருமகள் என்று தொடங்கினார். அப்பா தான்தான் என்றார். அந்தப் பக்கம் கொஞ்சநேரம் கடைக்குள் ஏதோ மெசின் ஓடுகிற சத்தம் மட்டும்.

‘அத்தான்’ என்றார் மாமா. ‘சாப்பிட்டாச்சோ?’

‘தம்பி, அந்த மாட்டுத்தலைக் காசு’ என்றார் அப்பா. ‘அது உடைஞ்சுதான் போனது. நீர் எடுக்கேல்லை. எனக்கு அப்பவே தெரியும்.’

‘எனக்கும் தெரியும் அத்தான்’ என்றார் மாமா. ‘சிங்குக்குள்ள புளிக்கோது கிடந்தது. பிள்ளைக்கு அடி விழும் எண்டு நான்தான் வழிச்சு எறிஞ்சனான்.’

அப்பா ஃபோனை என்னிடம் தரவில்லை. காதோடு பிடித்தபடி அப்படியே இருந்தார். மெசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமாவும் வைக்கவில்லை.